என் கைக்குத் தெரியவில்லை

என்னவருக்கு,

கப்பல் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். பதறுவதற்கு ஒன்றுமில்லை.

நேற்று பறக்கக் கற்றுத்தரும் டீச்சர் கை வைக்காமல் நானே விமானத்தைத் தரையிறக்கினேன். சக்கரம் பூப்போலத் தரையைத் தொட்டது. சத்தியமாக!

அதற்கப்புறம்தான் அது லேசாக இடப்பக்கம் இழுத்தது. இருபது வருஷம் பஸ் ஓட்டிய கை சும்மா இருக்குமா? ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். தரையில் ஓடும்போது விமானத்தைக் காலால் மிதித்துத்தான் திருப்ப வேண்டும். அது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கி, ஒரு பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றோம்.

டீச்சருக்கு நம் மகள் வயசுதான். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விமானத்தின் மூக்கில் மடங்கிப்போன விசிறியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“இனிமே என்னை ஓட்ட விடுவீங்களா?” என்று கேட்டேன்.

“மேல நல்லாத்தான் பைலட்டா இருக்கீங்க அக்கா. கீழ வந்ததும் டிரைவராயிடுறீங்க. காலைப் பழக்கிட்டு வாங்க.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆம்புலன்ஸ்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் எதற்கு வந்தார் என்பது இப்போது முக்கியமில்லை.

டிப்போவில் ஆறு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். ஏனென்று கேட்காதீர்கள். எழுத்து கோழி கிளறியதுபோல் இருப்பதையும் கேட்காதீர்கள்.

உங்கள் பழைய செருப்புகளை நாற்காலிக்கு முன்னால் வைத்து, வலது, இடது என்று மிதித்துப் பழகுகிறேன். மாவுக்கட்டைப் பிரிக்கும்வரை கை குறுக்கே வராது. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

இடது கையால்,
உங்கள் பைலட்