இடது புருவத்துக்கு மேலே

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
12.02.2006

லக்‌ஷிகாவின் அப்பாவுக்கு,

பாரிஸ் குளிருக்குள் என்ன பாடோ தெரியாது. பிரிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சண்டைக்கு இல்லை.

என் புருவத்துக்கு மேலிருந்த கட்டியைக் கொழுப்பென்றே குடும்ப டொக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது கண்ணைக் கீழே தள்ளுகிறது. ஸ்கான் எடுத்தார்கள். மண்டையோட்டு எலும்புக்குள்ளேயே இரத்தக்குழாய்கள் பின்னி வளர்ந்திருக்கின்றனவாம். அரிதாகத்தான் வருமாம். புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, எடுத்துச் சோதித்தால்தான் உறுதி என்கிறார் பெரிய டொக்டர். சுரண்டினால் இரத்தம் நிற்காது, திரும்பவும் வளரும். அதனால் சுற்றியுள்ள நல்ல எலும்போடு சேர்த்து அறுத்தெடுத்து, அந்த இடத்தில் தகடு வைப்பாராம்.

விடிய ஒரு கிளீனிங் வேலை, பின்னேரம் இன்னொன்று. பயப்படவும் நேரமில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஒருவருமில்லை. இரண்டு கிழமை வந்து நிற்க ஏலுமா? அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சுசிலா


பாரிஸ்
20.02.2006

அன்பின் சுசிலா,

உமது கடிதத்தைச் சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள் நின்றுதான் வாசித்தேன். முதலாளியிடம் லீவு கேட்டேன். "போறதெண்டால் ஒரேயடியாப் போ" என்றார். "அப்ப போறன்" என்று ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்து நீர் கவலைப்பட வேண்டாம்.

கோச் பஸ்ஸில் வருகிறேன். முன் அறையில் படுப்பேன். கண் பார்வைக்கு ஒன்றும் ஆகாதென்று டொக்டரிடம் வடிவாகக் கேட்டீரா? இன்னொருதரம் கேளும்.

கிருஷ்ணராசா


ஃபாரஸ்ட் கேட்
22.04.2006

அன்புள்ள உங்களுக்கு,

ஒப்பரேஷன் முடிந்து நீங்கள் பாரிஸுக்குத் திரும்பிப் போன பிறகு சோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. முழுவதும் எடுத்தாயிற்றாம். வெட்டிய எலும்பு உள்ளே தேன்கூடு மாதிரி இருந்ததாம். நெற்றி இன்னும் மரத்துக் கிடக்கிறது. கண் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன.

நான் முழித்தபோது வீங்கிய என் முகத்தைப் பார்த்து, வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதீர்கள். வீட்டுக்கு வந்தபின் தையலில் ஈரம் படாமல் தலையைத் துடைத்துவிட்டீர்கள். மறக்கமாட்டேன்.

வெளிக்கிடும்போது கதவடியில், "நான் இஞ்சையே நிக்கட்டே?" என்று கேட்டீர்கள். "களைப்பாக் கிடக்கு" என்று முகத்தைத் திருப்பிவிட்டேன். அது பதில் இல்லை. இதுதான் பதில்.

அந்த நாட்களில் நமக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. நான் வாய்திறக்கத் தெம்பில்லாமல் கிடந்தேன், நீங்கள் பயந்துபோய் இருந்தீர்கள். நான் சுகமானால் நாங்கள் பழையபடிதான். அதைத் திரும்பவும் தாங்க எனக்கு ஏலாது.

பிள்ளை மட்டும் தினமும், "அப்பா எப்ப வருவார்?" என்கிறாள். ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் ஆள் தேடுகிறார்கள், மேலே ஓர் அறையும் இருக்கிறது. விருப்பமென்றால் வாருங்கள். சனிக்கிழமைகளில் லக்‌ஷியைக் கூட்டிப்போகலாம். தலை இழுத்துப் பின்னி, சப்பாத்துப் போட்டு, நான் அவளை வாசலுக்கு அனுப்புவேன். உங்களை உள்ளே கூப்பிடமாட்டேன். குறை நினைக்காதீர்கள்.

சுசிலா