கெமிஸ்ட்ரி என்ற சொல்லின் பூர்வோத்தரம்

மதுரை, 1936 ஆனி, வெள்ளி இரவு

இதை எழுதுபவன் வக்கீல் சுந்தரம்.

பரவை கிராமத்திலிருந்து அண்ணனும் அவர் மகள் ராஜமும் வந்திருந்தனர். ராஜம் கல்லூரியில் இரசாயனம் படிக்க விரும்புகிறாள்.

"நம்ம அப்பா செம்பைத் தங்கமாக்குறேன்னு வயலைப் பூராம் வித்தாரு. இவ படிக்கப்போறதும் அதானா, தம்பி?" என்றார் அண்ணன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி சாட்சிகளுக்குக் கற்பிப்பவன் நான். 'இல்லை' என்று நிறுத்தியிருக்கலாம். கெமிஸ்ட்ரி என்ற சொல் ரசவாதத்தைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும், இன்றோ அது பொருள்களின் இயல்பை ஆராயும் சாஸ்திரம் என்றும் விளக்கினேன். பிற்பாதியை அண்ணன் கேட்கவே இல்லை. அதுதான் மனத்தை எரிக்கிறது.

"சித்தப்பாவே ஒத்துக்கிட்டாரு. கிளம்பு ஆத்தா, காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று மகளை எழுப்பினார்.

வாசலில் ராஜம் திரும்பிக் கேட்டாள்: "கோர்ட்லயும் இம்புட்டு உண்மை பேசுவீகளா, சித்தப்பா?"

(ஒப்பம்) சுந்தரம்
சாட்சிகள்: அண்ணன் முத்தையா, ராஜம்