கொடி இறங்க முன்

மச்சாள்,

இன்று காலை மகள் குளியலறை கழுவினாள். கிருமிநாசினியின் மணம் அடுக்களை வரை வந்தது. "ஏனடி உவ்வளவு ஊத்துறாய்?" என்று பாய்ந்துவிட்டேன். பிள்ளை திகைத்துப் போய் நின்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்ததென்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

அந்த வருடம் கோயில் கொடியேறியதும் விரதம் என்று சொல்லி நீ பாயைத் தனியே போட்டாய். உன் மனிசன், என் அண்ணை, அதை நம்பினார். எனக்கு மட்டும் கிணற்றடியில் சொன்னாய்: "கீழை ஒரே கடியும் எரிவும். வெள்ளையும் படுது. கொடி இறங்கினா அவருக்கு என்னத்தைச் சொல்லுவன்?"

உடம்புச் சூடு என்று நீயே முடிவு கட்டினாய். சுடுதண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக் காலையும் மாலையும் கழுவினாய். விரதத்துக்கு வாழைப்பழம், பனங்கட்டியோடு தேத்தண்ணி. எரிவு கூடியதே தவிரக் குறையவில்லை. அண்ணை கொழும்புக்கு லொறி ஓடுபவர். ஒருநாள் அவருடைய சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி, "உன்ரை அண்ணை எங்கையாவது போய் வாங்கிக்கொண்டு வந்த வருத்தமெண்டா, நான் பிள்ளையளோடை அம்மா வீட்டை போயிடுவன்" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் அப்படி இல்லை என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் உன் சித்தியின் மகள் தாதி. அங்கே போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று டவுனில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். "உது புருசன்மாராலை வாறதுதானே?" என்றுதான் நீ முதலில் கேட்டாய்.

"அப்பிடியும் வரலாம்" என்றார் அவர். "ஆனா அது ஒண்டுதான் எண்டில்லை. பங்கசு எண்ட பூஞ்சணம், வேறை கிருமியள், ஒத்துக்கொள்ளாத சோப்பு, மாதவிடாய் நிண்ட பிறகு வாற வறட்சி, எல்லாத்தாலையும் வரும். சோதிக்காமல் ஒருத்தரிலையும் பழி போடாதேங்கோ. அடிக்கடி தண்ணி விடாய்க்குதோ?"

ஓம் என்று நான்தான் சொன்னேன். விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தது. வெள்ளையையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மற்றச் சோதனையின் முடிவு வரும்வரை நீ அண்ணைக்குச் சோறு போட்டாய், முகம் மட்டும் பார்க்கவில்லை. கோதாரி பிடித்த நாட்கள் அவை. எனக்கும் நித்திரை இல்லை.

தேருக்கு முதல்நாள் முடிவு வந்தது. பங்கசு மட்டும்தான். சீனி கூடினால் அது பெருகுமாம். கழுவிக் கழுவித் தோலையும் நீ புண்ணாக்கியிருந்தாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாய். "அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதை. சந்தேகப்பட்டனான் எண்டு தெரிஞ்சா அந்த மனிசன் உடைஞ்சுபோவார்."

பிறகு மருந்தில் சுகமானாய். சீனியையும் கட்டுப்படுத்தி வைத்திருந்தாய். இந்த மாசியில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டாய்.

உன் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து சனம் கலைந்த பின் அண்ணை என் பக்கத்தில் வந்து இருந்தார். "அந்தத் திருவிழாவிலை அவள் என்ரை முகத்தையே பாக்கேல்லை. கேக்கப் பயந்து விட்டிட்டன். நான் என்ன பிழை செய்தனான், பிள்ளை?"

"ஒரு பிழையுமில்லை அண்ணை. அப்பதான் சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சது. பயந்துபோயிருந்தவள்."

"அப்ப என்னிலை கோவமில்லையோ?"

"இல்லை" என்றேன். அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீ சொன்ன மிச்சத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன், மச்சாள். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான்.