இடது இடுப்பு

தொரப்பள்ளி
12.6.1986

அன்புள்ள காளியம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூனாவில் சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். தண்ணீரைக் குடித்து இறக்கு. மூன்று மாதம்தானே, பயிற்சி முடிந்தால் நீ லைன் லீடர்.

குழந்தை முத்துமணி சௌக்கியம் என்று உன் வீட்டுக்காரர் எழுதியிருப்பார். அவருக்கு என்ன தெரியும்? காலையில் நம் கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறார். அதன்பின் அவள் அழுவதை நான்தான் பார்க்கிறேன். சோறு இறங்குவதில்லை.

நீ போனதும் நாலைந்து பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தது. புதிதாக வந்த பர்சனல் ஆபீசர் சுவரில் சட்டம் ஒட்டிவிட்டார். ஆயாக்கள் நாங்கள் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது. கழுவிவிட மட்டும் தொடலாம், அதற்கும் ரப்பர் உறை. கடிகாரச் சக்கரத்தில் வியர்வை படக் கூடாதென்று லைனில் நீங்கள் விரலுறை மாட்டுவீர்களே, அந்தப் புத்திதான். பிள்ளைகள் என்ன பித்தளையா, கறுத்துப்போக? உன்னிடம் மறைக்க மனமில்லாமல் எழுதினேன்.

சாந்தம்மா

பூனா
19.6.1986

சாந்தம்மா அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் படித்ததிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. யாரும் பார்க்காதபோது அவளை ஒரு தடவை தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதா? ஒன்றரை வயசுப் பிள்ளைக்குச் சட்டம் புரியுமா? இத்தனை நாள் உங்கள் மடியில்தானே வளர்ந்தாள்.

இங்கே கடிகார முள்ளைக் கோணலாகப் பொருத்தித் திட்டு வாங்கினேன். அவள் இப்படியே இருந்தால் நான் ரயிலேறிவிடுவேன். லீடர் வேலை போனால் போகட்டும்.

உங்கள் தங்கை
காளியம்மாள்

தொரப்பள்ளி
27.6.1986

அன்புள்ள காளியம்மாளுக்கு,

பெட்டியைக் கட்டாதே, முழுதாகப் படி. யாரும் பார்க்காத நேரம் காப்பகத்தில் ஏது? பெரியவர்கள் பார்க்காவிட்டாலும் மற்றப் பிள்ளைகள் பார்க்குமே. ஒன்றைத் தூக்கினால் அத்தனையும் கை நீட்டும். மாட்டிக்கொண்டால் நான் அஞ்செட்டியில் என் தம்பி வீட்டுக்கு மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான்.

அதனால் சட்டத்தை இன்னொரு தடவை படித்தேன். தடை ஆயாக்களுக்குத்தான், தாய்மார்களுக்கு இல்லை. டீ நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெண்களிடம் சொன்னேன். உன் பக்கத்து ஸ்டூல் பேச்சியம்மாள் முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டாள். அவள் பையன் வளர்ந்துவிட்டான், பந்து கிடைத்தால் அம்மாவே வேண்டாம் அவனுக்கு. நேற்று பேச்சியம்மாள் இடுப்பில் இருந்தபடியே முத்துமணி ஒரு கிண்ணம் ராகிக் கூழ் குடித்தாள். அவளைக் கண்டாலே ‘ம்மா’ என்று தாவுகிறாள். இனி கவலையை விடு.

சாந்தம்மா

பூனா
5.7.1986

சாந்தம்மா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சட்டம் நல்லதுதான். சிரங்கு ஒட்டிக்கொண்டால் யார் பார்ப்பது? இனி என் பிள்ளையை யாரும் தூக்க வேண்டாம். பாயிலேயே இருக்கட்டும்.

பூனாவுக்கு அனுப்பப் பேச்சியம்மாளையும்தான் யோசித்தார்கள், என்னைத்தான் எடுத்தார்கள். அந்த வருத்தத்துக்கு இப்படி ஈடுகட்டுகிறாளா? தப்பாகவே இருக்கட்டும், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. என்னை அம்மா என்று கூப்பிட வேண்டிய வாயால் பிள்ளை அவளைக் கூப்பிடுகிறாளே அக்கா. எனக்குத் தாங்கவில்லை.

காளியம்மாள்

தொரப்பள்ளி
14.7.1986

காளியம்மாளுக்கு,

போன மாதம் தூக்கு என்றாய், இந்த மாதம் இறக்கு என்கிறாய். உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பெற்றவள் சொல்லாயிற்றே என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் வாசலோடு நின்று தன் பையனை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

முத்துமணி அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உறை மாட்டிய கையை. கூழ் அப்படியே இருந்தது.

மறுநாள் நானே பேச்சியம்மாளைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொள்ளச் சொன்னேன். அவள் உன்னைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லவில்லை. “எக்கா, அவ அம்மான்னு கூப்பிட்டா, அத்தைன்னு சொல்லுட்டின்னுதான் சொல்லிக் குடுக்கேன். காளிகிட்ட எழுதுங்க” என்றாள்.

எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? என் மடியில் தூங்கிய பிள்ளை இன்னொருத்தி தோளில் தூங்குவதை நின்று பார்க்கிறேன். வருவதானால் இன்றே கிளம்பி வந்து உன் பிள்ளையைத் தூக்கிக்கொள். படித்து முடித்துவிட்டு வருவதானால், அதுவரை அவள் ஓர் இடுப்பில் இருக்கட்டும். என்மேல் கோபப்படுவதானால் பட்டுக்கொள்.

சாந்தம்மா

பூனா
22.7.1986

அக்கா,

பயிற்சியை முடித்துவிட்டே வருகிறேன்.

பேச்சியம்மாளிடம் சொல்லுங்கள். அத்தை என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம், எப்படிக் கூப்பிடுகிறாளோ கூப்பிடட்டும். இடது இடுப்பில் வைக்க வேண்டும், வலதில் வைத்தால் நெளிவாள். கூழ் குடித்ததும் சிணுங்கினால் அது தூக்கத்துக்கு. காது மடலை மெல்லத் தேய்த்தால் கண் செருகிவிடும். இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, அவள் அப்பாவுக்கும் தெரியாது.

பேச்சியம்மாள் லைனிலிருந்து அப்படியே ஓடி வருவாள். விரலுறையைக் கழற்றிவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

காளியம்மாள்