தையல்காரம்மா கொடுத்த வாத்து முட்டைகள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பதினாறு கோழிகளும் சௌக்கியம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ, "இனிமே அப்பாகிட்ட போனைக் குடுக்காதம்மா, ரெண்டு வருஷமா எம்மேல கோபமா இருக்கறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அதற்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இந்த வாரம் தெரிந்துகொண்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நானும் அழுவேன் நீயும் அழுவாய், ஒன்றும் விளங்காது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் கோழி வாத்து சமாச்சாரமெல்லாம் நிறைய வரும், பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்காதே, பதில் அதற்குள்தான் இருக்கிறது.

நீ வேலைக்கென்று வெளியூர் கிளம்பின அன்று அப்பா, "போறவ போகட்டும், எங்கிட்ட யாரும் ஒன்னும் கேக்க வேண்டாம்" என்று சொன்னதை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், ஆனால் வலி என்னவோ குஞ்சுக்குத்தானே. நீ போன மூன்றாம் மாதம் அச்சகத்தில் அவருக்கு வேலை முடிந்தது, முப்பத்தெட்டு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்ற மனுஷன் வீட்டில் உட்கார இடம் தெரியாமல் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அப்புறம்தான் இந்த முட்டைப் பைத்தியம் பிடித்தது. ஒரு தெர்மோகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு கிண்ணம் தண்ணீர், இவ்வளவுதான், அதை நீ படித்த மேஜை மேல் வைத்து அடைகாக்கும் பெட்டி என்று பெயர் சூட்டிவிட்டார். முட்டையில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால் போட்டு நாளைக்கு மூன்று தடவை புரட்டுவார். அடை வைத்த கோழி கூட தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும், இவர் எழுந்திருக்க மாட்டார். நம் பேட்டையில் இப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வீட்டுப் பின்கட்டிலாவது கூடி முட்டையை மாற்றிக்கொள்வார்கள், எலி பிடித்த கதை நாய் பிடித்த கதை எல்லாம் பேசுவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓர் எலெக்ட்ரீஷியன், யார் வீட்டு முட்டையாக இருந்தாலும் டார்ச் அடித்து உள்ளே கரு இருக்கிறதா என்று பார்ப்பதால் டார்ச் மாமா என்றே பெயர். அப்பா அந்தக் கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார், எல்லோரும் சிரித்தால் இவரும் சிரிப்பார், நன்றாகப் பழகுகிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது மகாராணி விஷயம். நாலு மாதத்துக்கு முன் பொரித்ததில் வெள்ளையாக ஒன்று, டார்ச் மாமா இறக்கையை விரித்துப் பார்த்து, சத்தியமாகப் பெட்டைதான் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். அப்பா அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தார். மகாராணிக்குக் கொண்டை சிவந்தது, வால் வளைந்தது, ஒரு நாள் மொட்டை மாடிச் சுவரில் ஏறி நின்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கூவியும் விட்டது. எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் குடிவந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வந்து படுக்கிற பெண். பாவம், கண்ணெல்லாம் சிவந்து வாசலில் வந்து நின்று, "ஐயா, சேவலைக் கொஞ்சம் உள்ள கட்டி வைங்களேன்" என்று கெஞ்சினாள். அப்பா, "எங்க வீட்ல சேவலே இல்லம்மா, இருக்கறதும் கூவாது" என்றார். அவர் சொல்லி வாயை மூடவில்லை, மாடியில் மகாராணி கூவுகிறது. நர்ஸ் மேலே பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் கல்லு மாதிரி நிற்கிறார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் கண்கலங்கித் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்களே, உங்களிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று திட்டினேன். முப்பது வருஷமாகத் திட்டுகிற திட்டு அது, அன்றைக்கும் வாய்க்கு வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் தையல்காரம்மாவின் வாத்து செத்துப்போனது. தையல்காரம்மாவை உனக்குத் தெரியாது, அவளும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தி, தனியாக இருக்கிறாள், தையல் மெஷினுக்கு அடியில் காலடியிலேயே அந்த வாத்து படுத்திருக்கும். நாய் கவ்விவிட்டது. அது கடைசியாக இட்ட ஒன்பது முட்டையையும் ஒரு துணிக்கூடையில் வைத்துக்கொண்டு வந்து, "என்னால பெட்டியெல்லாம் வச்சுப் பாக்க முடியாது, நீங்கதான் கை பக்குவமா பண்றீங்க" என்று அப்பாவிடம் கொடுத்தாள். வாத்து முட்டை கோழி முட்டை மாதிரி இல்லை, இருபத்தெட்டு நாள் ஆகும், ஈரமும் அதிகம் வேண்டும். அப்பா துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து தினமும் தெளித்தார். டார்ச் மாமா இரண்டு தடவை வந்து பார்த்து ஒன்பதிலும் கரு இருக்கிறது என்றார். கடைசி மூன்று நாள் டார்ச் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை, உள்ளே குஞ்சு நிறைந்து ஒரே கருப்பாகத் தெரியும். முட்டையைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும், ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கீச் கீச்சென்று கத்துமாம். இதெல்லாம் எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும்.

இருபத்தெட்டாம் நாள் ஒரு முட்டையிலும் கீறல் விழவில்லை. மறுநாள் காலையில் அப்பா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு காதில் வைத்துக் கேட்டார். ஒன்பதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் கூமுட்டையாப் போச்சு, அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றது" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழைய வாளியில் கந்தல் துணி போட்டு முட்டைகளை அடுக்கி, கொய்யா மரத்தடியில் புதைக்க மண்வெட்டி எடுக்கப் போனார். வாளியை நகர்த்தலாம் என்று நான் குனிந்தேன். வாளி கத்துகிறது, குட்டிம்மா. முதலில் எங்கோ அணில் என்று நினைத்தேன். ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே குஞ்சு தெளிவாகக் கத்துகிறது, ஓட்டைத் தட்டுகிற சத்தம் கூடக் கேட்கிறது. ஓடிப்போய் அவர் காதில் வைத்தேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நான் சொல்கிறேனே என்று மரியாதைக்காக நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஒன்னுமில்ல. ஆசையில உனக்கு அப்படித் தோணுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மண்ணைக் கொத்த ஆரம்பித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஏங்க என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அடுப்பு எரியுது என்றேன், வீடு எரியுது என்றேன், பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, இவர் பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் புரிந்தது, நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

முட்டைகளைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு அவரை எதிரில் உட்கார வைத்து, எப்போதிலிருந்து காது கேட்கவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அப்புறம், "போன்தான் சரியில்லைன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சியைப் பாத்தா பாதி புரியும், இவ்வளவு மோசம்னு எனக்கே தெரியாது" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்கிட்ட சொன்னா அவகிட்ட சொல்லுவே. அப்பனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே வேலையை விட்டுட்டு வந்து நிப்பா. போகாதேன்னு சண்டை போட்டவன் நான், இப்ப இதைக் காட்டி அவளைத் திருப்பிக் கூப்பிடறதா" என்றார். போனில் என்னதான் கேட்கிறது என்றேன். "அவ குரல்னு தெரியும். வார்த்தை ஒன்னும் பிரியாது. தப்பா ஏதாவது சொல்லி மாட்டிக்கறதுக்கு முன்னாடி உங்கிட்ட குடுத்துருவேன்" என்றார். வீடியோவில் படம் நின்று நின்று போகிறது என்று நீ முகம் தெரியாத வெறும் போனிலேயே கூப்பிட ஆரம்பித்தாயே, அதிலிருந்து அவருக்குப் பார்க்க முகமும் இல்லாமல் போயிற்று. நான் ஒரு மடச்சி, முப்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்து இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

உன் ஆபீஸில் உன் பிரிவையே மூடி உன்னை நிறுத்திவிட்டார்கள் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். முகத்துக்கு நேராக, மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். நீயே அவரிடம் சொல்லிவிட்டாய், தெரிந்துகொண்டே பிடிவாதமாக இருக்கிறார் என்று நானும் அதுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எப்போது என்று கேட்டார். நாற்பது நாள் ஆகிறது, உங்களிடம்தான் முதலில் சொன்னாள் என்றேன். "நான் என்ன சொன்னேன்?" என்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதுன்னு சொல்லிட்டு போனை எங்கிட்ட குடுத்தீங்க என்றேன். தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து, "போன தடவை காதுல வச்சுக் கேட்டுட்டுப் புதைச்சேனே, அந்த நாலு முட்டையும்?" என்று கேட்டார். அதெல்லாம் நிஜமாகவே கூமுட்டைகள், நான் கேட்டுப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் எனக்கு இருக்கட்டும்.

மறுநாள் விடிவதற்குள் ஏழு வாத்துக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன, இரண்டு வரவில்லை. தையல்காரம்மா வந்து குஞ்சுகளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தாலும் இவருக்குக் கேட்டிருக்காது, அதனால் இரண்டு பேருக்கும் சரியாகப் போயிற்று. எதிர்வீட்டு நர்ஸிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அந்தப் பெண் தூக்கத்தை விட்டுவிட்டு அன்றே அவரைத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் காது டாக்டரிடம் காட்டினாள். மெஷின் சத்தத்திலேயே இத்தனை வருஷம் நின்றதால் வந்தது, மெல்லிய சத்தம்தான் முதலில் போகும், கருவி வைத்தால் ஓரளவு கேட்கும், முழுதாகத் திரும்பாது என்றார் டாக்டர். அடுத்த வாரம் கருவி வருகிறது. மகாராணியை டார்ச் மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார், பெட்டை என்று சொன்ன வாய் அவருடையது, விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டியதும் அவரே.

இதையெல்லாம் உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மேலே எழுதினதுவரை முடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரில் நிற்கிறார். கோபிப்பார் என்று பேனாவை மூடினேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். திரும்பி வந்து, அந்த நாலு முட்டையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், முதல் வரியில் பதினாறு கோழி என்பது தப்பு, மகாராணி போன பிறகு பதினைந்துதான் என்றார். இருக்கட்டும், அவள் நம் கணக்குதான் என்றேன். பிறகு இங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், எழுந்து போகவில்லை.

வேறென்ன. வேலை தேடுகிற அலைச்சலில் காலைச் சாப்பாட்டை விடாதே, ஈரத் தலையோடு படுக்காதே. நீ இங்கே வந்துதான் ஆக வேண்டும் என்று அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, வரத் தோன்றினால் உன் மேஜை மேலிருக்கும் பெட்டியை அரை மணியில் எடுத்துவிடலாம். உன் வரைபட வேலைக்கு உலகத்தில் ஓர் ஆபீஸ்தானா இருக்கிறது, தைரியமாக இரு. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்.

உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா

குட்டிம்மா, உனக்கு வேலை போய்விட்டது என்று நீ சொன்னது எனக்கு இப்போதுதான் கேட்டது. நாற்பது நாள் நீ தனியாக அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். கோபம் உன்னை ரயிலேற்றிய அன்றே போய்விட்டது, அதைச் சொல்லத்தான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை என்னிடம் கொடுக்கச் சொல். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல். எனக்குப் புரியாவிட்டாலும் நீ முடிக்கிறவரை வைக்க மாட்டேன்.
அப்பா