பச்சை விளக்குப் பக்கம்

வால்பரைசோ, ஜூலை 9

அன்புள்ள நிபால்டோ,

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். நம் குட்டி மைத்தே இப்போதுதான் தூங்கினாள். இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் இந்த ஜூலைக் குளிர் விடவில்லை. உன் போர்வையையும் அவளுக்கே போர்த்தியிருக்கிறேன்.

உங்கள் சுரங்கத்திலிருந்து புகையை வெளியேற்றும் காற்றாடிகளை இயக்கப்போகும் புதிய மென்பொருளின் கையேட்டுக்கு நான்தான் பக்கம் வடிவமைக்கிறேன் என்று சொன்னேனல்லவா? கைபேசியில் ஒரு பக்கம் அனுப்பினேன். "அழகா இருக்குடி" என்று ஒரு வரி போட்டாய், அத்தோடு சரி. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. நிறைய வெற்றிடம், பெரிய எழுத்து, கடைசியில் பச்சை விளக்கு எரியும் திரையின் படம். மேலாளர் மகரேனா அதைச் சுவரில் ஒட்டி எல்லோருக்கும் காட்டினாள்.

மைத்தேயைப் பார்த்துக்கொள்ளும் ஓர்ஃபெலினா அக்காவிடம் அதைக் கொடுத்து, சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு என்ன செய்வீர்கள், படித்துச் சொல்லுங்கள் என்றேன். விரல் வைத்துப் படித்தார். "காத்தாடி போட்டாச்சு, பச்சை வந்தாச்சு. உன் புருஷனை உள்ள அனுப்பிட்டு நான் டீ குடிக்கப் போறேன்" என்று சிரித்தார். பக்கத்தைத் திருப்பவில்லையே என்றேன். "எதுக்குத் திருப்பணும்? இங்கயே முடிஞ்சு போச்சே, பொண்ணே!" என்றார்.

மறுபக்கத்தில்தான் இருக்கிறது: பச்சை என்றால் காற்றாடி சுழல்கிறது, அவ்வளவுதான். நச்சுப்புகை இறங்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிபால்டோ. படத்தைச் சின்னதாக்கி, அந்த எச்சரிக்கையைச் சிவப்புக் கட்டத்துக்குள் அதன் தலைமேல் வைத்தேன். மகரேனா பார்த்துவிட்டு, "ஐயோ யாஸ்னா, கல்யாணப் பத்திரிகையில சாவு அறிவிப்பு போட்ட மாதிரி இருக்கு! பக்கத்தைத் திருப்பத் தெரியாதவனா சுரங்கத்துல வேலை பாக்குறான்?" என்றாள். மாதக் கடைசியில் பழைய பக்கமே அச்சுக்குப் போகிறது. அலுவலகத்தில் எல்லோரும் அவள் பக்கம்தான். வீட்டுக்கு வந்தால் சொல்லி அழவும் ஆளில்லை. கூப்பிட்டாலோ உன் குரல் துண்டு துண்டாகத்தான் வருகிறது.

பழையது, நான் மாற்றியது என இரண்டு பக்கங்களையும் தாளிலேயே இத்துடன் வைத்திருக்கிறேன். வேலை முடிந்த களைப்போடு உன் கூட்டாளிகள் பார்க்கட்டும். எதைப் படித்தவர்கள் உள்ளே போகமாட்டோம் என்றார்கள் என்று அவர்கள் கைப்பட எழுதி வாங்கு. அதை மகரேனாவின் மேஜையில் வைக்கிறேன். வேலை போனால் போகட்டும்.

நீ எப்போதும் முதல் ஆளாக இறங்குகிறவன். எனக்காகக் கொஞ்ச நாள் கடைசி ஆளாக இறங்கு. கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும்.

சீக்கிரம் பதில் போடு.

உன்
யாஸ்னா