நீலச் சட்டை திரும்பி வந்தது

அங்கிள்,

எங்கள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு நீலச் சட்டை கிடக்கிறது. அப்பா பின்னேரம் கொண்டுவந்து போட்டது. இன்னும் ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் மோந்து பார்த்தேன். பிளீச்சும் சூடான துணியும் கலந்த அதே லோன்றி மணம். கடைசிக் காலத்தில் அந்த மணம்தான் உங்களுக்கு முன்னே உள்ளே வந்து கதிரை பிடிக்கும்.

அப்பாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து. உங்கள் இடத்துக்கு.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் ஐசே", அரசாங்க வேலைதான் வேலை என்று சொல்லித்தானே அப்பாவை நகரசபையின் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டீர்கள். நீங்கள் குசினியில் சமையல், அவர் லோன்றியில் துணி தோய்ப்பு. அப்போது அம்மாவும் தங்கச்சியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். உறுதியான வேலையைக் காட்டினால்தான் அவர்களை இந்த நாட்டுக்குக் கூப்பிடலாம் என்று அப்பா நம்பினார். அந்த நீலச் சட்டையைக் கோயில் பட்டு மாதிரி அயன் பண்ணுவார்.

வேலை முடிந்து எங்கள் கட்டடத்துக்கு வந்தால் நீங்கள் ஒழுங்காகப் பெயர் சொன்னதே இல்லை. கீழே வாசலில் எங்கள் வீட்டு பஸரை அமத்தி, அந்தப் பேச்சுப் பெட்டிக்குள் குரலைத் தடிப்பாக்கி, "கோறணமேந்திலயிருந்து கதைக்கிறம். உங்கட வீட்டில எத்தினை பேர்?" என்பீர்கள்.

"எத்தினை பேர் இருந்தா விடுவியள்?" என்பேன் நான்.

"படுவா, கதவைத் திற. கால் உளையுது" என்பீர்கள், அதே தடித்த குரலில்.

பெரியவர்களில் என்னோடு சரிக்குச் சரி பகிடி விட்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சப்பாத்துக்குள் நான் ஐஸ்கட்டி போட்டால், அடுத்த கிழமை என் புத்தகப் பைக்குள் ஒரு முழுப் பூசணிக்காய் இருக்கும்.

பிறகு அரசாங்கத்தின் வரவுசெலவில் துண்டு விழுந்தது. வானொலியில் அப்படித்தான் சொன்னார்கள். "விழுந்த துண்டையும் அப்பாதான் தோய்க்கோணுமோ?" என்று கேட்டேன், நீங்கள் தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தீர்கள். முதலில் சம்பளமில்லாத லீவு தந்தார்கள், அதுவும் வெள்ளிக்கிழமைகளில். "பெரிய வெள்ளி தெரியும் அங்கிள், இது வெறும் வெள்ளி" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் அந்த வெள்ளிகளிலும் விடிய எழும்பி, சவரம் எடுத்து, போக இடமில்லாமல் ஜன்னலடியில் நின்றார்.

அடுத்த முறை விழுந்தது பெரிய துண்டு. குசினியையே மூடினார்கள், சாப்பாடு வெளியிலிருந்து வருமாம். உங்கள் வேலை போனது. ஆனால் யூனியன் விதி ஒன்று இருந்தது: முந்திச் சேர்ந்தவர், தனக்குப் பிந்திச் சேர்ந்தவரின் இடத்தை எடுக்கலாம். ஒரு கிழமைக்குள் சொல்லிவிடவேண்டும். அதை 'இடிக்கிறது' என்று நம் ஆட்கள் சொன்னார்கள். பஸ்ஸில் இடித்தால் மன்னிப்புக் கேட்கலாம். இதில் யார் யாரிடம் கேட்பது? நீங்கள் இடிக்கக்கூடியதாக இருந்த ஒரே ஆள் அப்பா.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் பஸர் அடிக்கவில்லை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் அப்பா அந்த நேரத்துக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார். ஒருநாள் அடித்தது. அப்பா பாய்ந்தெழும்பி, சேட்டுக்குப் பொத்தான் போட்டு, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றார். யாரோ வீட்டுக்குப் போகவேண்டிய பீட்ஸாக்காரன். கொழும்பிலிருந்து அம்மா கதைத்தபோது, "ஓம், வேலை நல்லாப் போகுது" என்றார். எனக்கு எந்தப் பகிடியும் வாயில் வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கடைசி நாள் பஸர் அடித்தது. நான்தான் எடுத்தேன். "தம்பி, கொப்பர் நிக்கிறாரோ?" அப்பாவைக் கேட்டது உங்கள் சொந்தக் குரல். அந்தப் பெட்டிக்குள் அதை நான் கேட்டது அன்றுதான் முதல்தடவை. மிச்சத்தை நீங்கள் சொல்லவே தேவையிருக்கவில்லை.

மேலே வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றீர்கள். "எனக்கும் ரெண்டு பிள்ளையள். வேற வழி தெரியேல்லை ஐசே."

"அண்ணை, நீங்கள் முந்தி வந்தனீங்கள். கியூ எண்டால் கியூதானே. உள்ள வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."

நீங்கள் வந்து குடித்தீர்கள். இரண்டு பேரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தீர்கள். பனி கொட்டுமோ கொட்டாதோ என்று அவ்வளவு நேரம் யாரும் கதைத்து நான் பார்த்ததில்லை.

அப்பா ஏஜென்சி வேலைக்குப் போனார். விடிய டெலிபோன் அடித்தால் பேக்கரி, அடிக்காவிட்டால் கட்டில். அம்மாவின் அலுவல் இழுபட்டது. நீங்கள் ஞாயிறுகளில் வந்தீர்கள். ஆனால் பஸரில் வெறுமனே "நான்தான்" என்றீர்கள். உங்கள் சப்பாத்துக்குள் ஐஸ்கட்டி போட எனக்கும் கை வரவில்லை.

கடைசியில் அம்மாவும் தங்கச்சியும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்திலிருந்து உங்கள் வான் வண்டியில்தான் கூட்டிவந்தீர்கள். வானை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எங்களை முதலில் மேலே அனுப்பினீர்கள். அம்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பஸர் அடித்தது.

"கோறணமேந்திலயிருந்து கதைக்கிறம். உங்கட வீட்டில எத்தினை பேர்?"

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. லொட்ஜில் பொலிஸ் வந்து கேட்கிற கேள்வி அது. கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துவிட்டார். அப்பா அதைப் பார்த்தார், பஸரைப் பார்த்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். "எத்தினை பேர் இருந்தா விடுவியள்?" என்று நான் கத்தினேன். "நாலு பேர் எண்டால் விடலாம்" என்றீர்கள். நீங்கள் மேலே வந்ததும் அம்மா உங்களுக்குக் கொடுத்த ஏச்சு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இந்த மாரியில், வானைச் சுற்றிப் பனி வழித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சரிந்துபோனீர்கள்.

இடம் வெறுமையானால், நிறுத்தப்பட்டவர்களில் முதல் ஆளைத் திரும்பக் கூப்பிடவேண்டும். அதுவும் யூனியன் விதி. முதல் ஆள் அப்பா. அவர் போய்ச் சட்டையை வாங்கிவந்து மேசையில் போட்டுவிட்டு, "செத்த மனிசன்ர இடத்தில போய் நிண்டு எப்பிடியப்பா துணி மடிக்கிறது?" என்று அம்மாவிடம் கேட்டார். வானொலியில் மறுபடியும் துண்டு விழப்போகிறதென்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி எழும்பிப்போய் அதை நிறுத்தினாள்.

நான் குப்பை போடுகிற சாட்டில் கீழே இறங்கினேன். வாசலுக்குப் போய் எங்கள் வீட்டு இலக்கத்தை அமத்தினேன். இது வெடிக்குமோ, அழுகையில் முடியுமோ, எனக்குத் தெரியாது. உங்கள் தடித்த குரல் எனக்குச் சரியாக வரும். அதை ஒருவரிடமும் காட்டியதில்லை.

"கோறணமேந்திலயிருந்து கதைக்கிறம். திங்கட்கிழமை ஆள் வருமோ?"

பெட்டிக்குள் இரைச்சல் மட்டும். மூச்சு ஒன்று கேட்டது. அங்கிள், ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

பிறகு அப்பாவின் குரல், மெல்லமாக:

"வாறன் எண்டு அண்ணையிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.